யானையைக் கட்டித் தீனி போடுவானேன்?

கீரை கிள்ளுவதற்குக் கோடரியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவானைக் கண்டால் ஊரார் சிரிப்பர். கணினியின் முன் அமர்ந்து நாள்தோறும் அதனையே நாம் செய்து வருகின்றோம். சிரிப்பார் ஒருவரும் இலர்.

ஒரு மடல் எழுதுதல், ஒரு பெயர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்தல், நான்கு படங்களைச் சுருக்கி நண்பர்க்கு விடுத்தல், பழைய கட்டுரையொன்றில் ஒரு சொல்லைத் தேடல் - தமிழ் எழுதுவார் ஒருவர்க்குக் கணினியில் வாய்க்கும் பணி பெரும்பாலும் இவ்வளவே. இவ்வளவுக்கும் அவர் திறந்து வைத்திருப்பதோ, பெருவணிகர் ஒருவர் உலகத்தார் அனைவர்க்குமென்று ஒரே மூட்டையாய்க் கட்டி விற்கும் பெருந்தொகுப்பு. அதன் நூற்றுக்கணக்கான கட்டளைகளுள் அவர் அறிந்தவை பத்து; ஆள்பவை ஐந்து. எஞ்சியவை யாவும் அவர்தம் கணினியில் உண்டு உறங்கிக் கிடக்கின்றன. யானை கட்டித் தீனி போடுவதென்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

இத் தீனிச் செலவு உருபாவோடு முடிவதாயின் நாம் இக்கட்டுரை எழுத வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு அடோபி நிறுவனம், தன் பக்க வடிவமைப்பு, பட வடிவமைப்பு மென்பொருள்களின் புதுப்பதிப்புகளை ஒருமுறை விலைக்கு விற்பதைக் கைவிட்டு, குடிக்கூலிக்கு விடும் முறையை மேற்கொண்டது. கூலி நின்ற அன்றே கருவி நிற்கும். கருவி நின்றால், அக் கருவிக்கே உரிய வடிவில் நாம் அடைத்து வைத்த எழுத்து என்னாவது? அது பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும். எழுத்து நம்முடையது, பூட்டு நம்முடையதன்று. விலைக்கு விற்ற காலத்தும் நிலைமை இதனினும் பெரிதும் மேம்பட்டிருந்ததா? பேச்மேக்கர் என்னும் மென்பொருளின் 7-ஆம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது, அதுவே கடைசி. ஆக்கியவரே கைவிட்ட அக்கருவியை நம் அச்சகங்கள் பல அதன்பின்னும் நெடுங்காலம் கட்டிக்கொண்டு அழுதன. ஏன்? அவர்தம் நூல்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள் கிடந்தன.

'நாங்கள் எங்கே காசு கொடுத்தோம்? களவுப்படிதானே!' என்று கண்சிமிட்டுவாரும் நம்மிடையே உளர். களவாடிய யானைக்கும் தீனி வேண்டும் என்பதை அவர் மறந்தார். பூட்டுடைத்த மென்பொருளோடு எந்த நச்சுநிரல் ஒட்டிக்கொண்டு வருகின்றதென அவர் அறியார். ஆக்கியோர் விடுக்கும் திருத்தங்கள் அவர்க்கு ஒழுங்காய் வந்து சேரா. அவற்றினும் கொடிது, அவர் கையும் கண்ணும் அந்த ஒன்றுக்கே பழகிப்போவது. பிறகு அவர் தம் மாணவர்க்கும் அதனையே கற்பிப்பார். களவு செய்தவனே விளம்பரக்காரனும் ஆகின்றான். வணிகனுக்கு இதனினும் ஊதியம் வேறென்ன வேண்டும்?

சிறு கருவி என நாம் சொல்வது அளவால் சிறியதை மட்டுமன்று. ஒரு பணியை எடுத்துக்கொள்ளும். அதனைச் செவ்வனே முடிக்கும். முடித்ததை, வேறெந்தக் கருவியும் படிக்கக்கூடிய பொது வடிவில் நம் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்கும். இதுவே அதன் இலக்கணம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்சு இயங்குதளத்தை யாத்தோர் இதனை ஒரு நெறியாகவே போற்றினர். 1973-இல், தக்ளசு மெக்கில்ராய் என்பாரின் இடையறா வற்புறுத்தலுக்கிணங்கிக் கென் தாம்சன் அதில் 'குழாய்' என்னும் ஏற்பாட்டைச் சேர்த்தார். ஒரு கருவி உமிழ்வதை மற்றொரு கருவி உண்ணும். வரிசைப்படுத்துவது ஒன்று, இரட்டித்த வரிகளை ஒன்றாக்கி எண்ணிச் சொல்வது ஒன்று, தேடுவது ஒன்று. இவற்றைக் கோத்துவிட்டால், ஒரு நூலில் எச்சொல் எத்தனை முறை பயின்றது என்னும் கணக்குச் சில நொடிகளில் கைக்கு வரும். தாள்துண்டுகளில் எழுதி எழுதிக் கண்ணொளி மங்கச் சொல்லடைவு தொகுத்த நம் புலவர் பெருமக்களை ஈண்டு நினைத்துக்கொள்க. அவர்க்கு வாய்க்காத கருவி இன்று நம் வீட்டுக் கணினியில் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நாமோ அதன் பெயரையும் அறிந்திலோம்.

முதற்கண் வேண்டுவது எழுதுகருவி. ஒப்பனை ஏதுமின்றி எழுத்தை மட்டும் சேமித்து வைக்கும் வெற்றுரைத் தொகுப்பியையே குறிக்கின்றோம். விண்டோசு கணினிகளில் நோட்பேடு என ஒன்று தொடக்கமுதல் உண்டு. சிறியது, எளியது, ஆயினும் 2019-ஆம் ஆண்டுவரை அஃது இயல்பாய்ச் சேமித்தது ஆன்சி என்னும் பழங்குறியேற்றத்தில். தமிழில் எழுதிவிட்டுச் சேமிக்கும்போது, 'இவ்வெழுத்துகள் அழிந்துபோம்' என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரும். அதனைப் படியாமல் 'சரி' என அழுத்தியவர் மறுநாள் கோப்பைத் திறந்தால், வரிக்கு வரி கேள்விக்குறிகளே நிற்கும். ஒரு தமிழெழுத்தும் மிஞ்சாது, மீட்கவும் இயலாது. 2019-இல் வந்த விண்டோசு திருத்தத்தின் பின்னரே அது யூ.டி.எப்.-8 என்னும் ஒருங்குறி வடிவை இயல்பாய்க் கொண்டது. இன்றும் பழைய கணினி வைத்திருப்போர் இதனை நெஞ்சில் இருத்துக. தோன் ஓ என்பார் 2003-இல் வெளியிட்ட நோட்பேடு பிளசு பிளசு, எழுத்து எக்குறியேற்றத்தில் உள்ளதென்பதைத் திரையின் அடியிலேயே காட்டிக்கொண்டிருக்கும். சிறியதாயிருந்தால் மட்டும் போதாது, செய்வதைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தலே சான்று.

அடுத்தது தட்டுகருவி. இதில் தமிழர் யார்க்கும் இளைத்தவரல்லர். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு தொடங்கினார். 1993-இல் மார்க்கு தர்தின் என்பார் இலாவோ மொழியைத் தட்டுதற்பொருட்டுக் கீமேன் என்றொரு சிறு பொறியை ஆக்கினார்; அதன்மேல் தமிழ்ப்பலகையை ஏற்றித் தமிழா குழுவினர் இ-கலப்பையை வழங்கினர். கலப்பை! எத்துணைப் பொருத்தமான பெயர்! இலாவோ மக்களுக்கென எழுந்த சிறு கருவி தமிழனுக்கும் உழுதது. பெருந்தொகுப்பாயிருந்தால் இது நடந்திருக்குமா? எண்ணிப் பார்க்க.

ஆனால், நம்மவர் அக்கலப்பையைப் பிடிக்கும் முறையோ நாணத்தக்கது. 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 என்னும் பலகை முறை தமிழக அரசால் ஏற்கப்பட்டது. பன்னிரண்டு உயிரும் இடக்கைப் பக்கம். மெய்களுள் மிகப் பெரும்பாலன வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ஆகலின், 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. உரோமன் எழுத்தில் தட்டுவார்க்கோ ஐந்து. தமிழெழுத்துகள் முப்பதும் ஆய்தமும் நேர்விசையிலேயே உள. வடவெழுத்துகள் மேல்விசையை அழுத்தினாலன்றி வாரா. (பலகை வகுத்தோர் நம் இயக்கத்தவர் அல்லர், ஆயினும் அவற்றுக்குரிய இடத்தில் அவற்றை வைத்தனர்.) இவ்வளவும் இருந்தும், தாய்மொழியை எழுதுமுன் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் உரோமன் எழுத்தாக மாற்றிக்கொள்பவர் எத்தனை பேர்! ஒரு கிழமை பயின்றால் கைவந்துவிடும் ஒன்றை இத்தனை ஆண்டாய்த் தள்ளிப்போடுகின்றனர். மேடையில் தனித்தமிழ், விரல் நுனியில் உரோமன்.

இனி, எண்ணலும் வரிசைப்படுத்தலும். ஒரு கருவி தமிழுக்கு ஆகுமா, ஆகாதா என்பதைக் காண இதனினும் நல்ல உரைகல் இல்லை. ஆதலின் இங்குச் சற்றே நின்று பார்ப்போம்.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128 கட்டங்கள். இந்திய அரசின் பழைய குறியேற்றத்தை அடியொற்றி வகுத்ததால், அதில் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடமில்லை. உயிரும், அகரமேறிய மெய்யும், துணைக்குறிகளும், புள்ளியுமே உள. 'தமிழ்' என்னும் சொல்லை ஓர் எண்ணுகருவியில் இட்டுப் பாருங்கள். த, மி, ழ் என மூன்றெழுத்து என்று நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும். கருவியோ ஐந்து என்னும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்பது அதன் கணக்கு. பைட்டு எண்ணும் கருவியாயின் பதினைந்து என்னும். மூன்றும் ஐந்தும் பதினைந்தும் ஒரே சொல்லுக்கு! யாப்பாய்வு செய்வாரும், எழுத்துக்கு இத்துணை எனக் கட்டணம் பெறும் தட்டச்சரும் எந்த எண்ணை நம்புவர்?

வரிசையில் நேரும் கேடு இதனினும் பெரிது. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவியிடம் அப்பம், அன்பு, அலை, அறம், அவல், அழகு, அக்கா, அகம் ஆகியவற்றைக் கொடுங்கள். அக்காவுக்கு முன் அகம் வரும். ஒருங்குறியில் புள்ளியைத் துணைக்குறிகளுக்கெல்லாம் பின்னே வைத்ததன் விளைவு அது. அப்பத்துக்கு முன் அன்பு வந்து நிற்கும். அலைக்கு முன் அறமும், அவலுக்கு முன் அழகும் முந்திக்கொள்ளும். னகரத்தை நகரத்தின் பக்கத்திலும், றகரத்தை ரகரத்தின் பக்கத்திலும், ழகரத்தை வகரத்துக்கு முன்னும் வைத்த கட்டத்தின் ஒழுங்கு அது; தொல்காப்பியன் கண்ட நெடுங்கணக்கின் ஒழுங்கன்று. சிற்றூர் வழக்குச் சொற்களைப் பாடுபட்டுத் தொகுக்கும் ஓர் ஆசிரியர் இத்தகைய கருவியால் தம் அகரமுதலியை அடுக்கி அச்சிட்டால், சொல் இருந்தும் இல்லாததாகும். தேடுவோன் உரிய இடத்தில் காணாமல் திரும்புவான். இதற்குத் தீர்வும் உண்டு. ஒருங்குறி மன்றத்தார் மொழிதோறும் அகரவரிசை முறையைத் தனியே வகுத்து வழங்கியுள்ளனர், தமிழுக்கும் உண்டு. அதனைப் பின்பற்றும் கருவி இவ்வெட்டுச் சொற்களையும் அக்கா, அகம், அப்பம், அலை, அவல், அழகு, அறம், அன்பு என ஒழுங்காய் அடுக்கும். எனவே புதுக் கருவி எதனைக் கொண்டாலும், விற்பவன் சொல்லைக் கேளாது, இவ்வெட்டுச் சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். மறுமொழி உடனே கிடைத்துவிடும்.

தேடலிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதனை ஒற்றைக் குறியாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி நெறிப்படியும் இரண்டும் நிகரே. ஆயினும் அந்நெறியை மதியாத கருவி ஒன்றைத் தேடினால் மற்றொன்றைக் காணாது. 'ஔவை'யின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாய்த் தட்டுவார் பலர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இங்குக் கருவியைக் குறை கூறிப் பயனில்லை. அது வேறு சொல்லே. நூலகங்கள் தம் பட்டியல்களை ஒருமுறை இக்கண்கொண்டு நோக்குமாறு வேண்டுகின்றோம்.

ஏனைய பணிகளுக்குரியவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. கோப்புகளைச் சுருக்கிக் கட்ட, உருசியர் ஈகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்ட செவன்-சிப்பு போதும். ஒலியும் படமும் காண, பாரிசு மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வி.எல்.சி. உண்டு. அச்சிட்ட பழைய இதழ்களின் பக்கங்களைப் படமெடுத்து எழுத்தாக்க, 2005-இல் பொதுவுக்கு வந்த தெசராக்டு தமிழும் படிக்கும். மங்கிய அச்சில் இடறும், மெய்ப்புப் பார்க்காமல் விடற்க. இவை அனைத்தையும் அவற்றை ஆக்கியோர்தம் தளத்திலிருந்தே பெறுக. கண்ட இடத்தில் கிடைப்பது கருவியன்று, கன்னக்கோல்.

'ஒவ்வொரு பணிக்கும் ஒவ்வொரு கருவியா? அத்தனையும் கற்க நேரம் ஏது?' என்பர் சிலர். அடுக்களையில் அரிவாள்மணையும் அகப்பையும் சல்லடையும் வேறு வேறாய் இருத்தல் கண்டு ஒரு பெண்ணும் மலைத்ததில்லை. நானூறு பக்க நூலைப் படங்களோடு அச்சுக்கு அணியப்படுத்துவார்க்குப் பெருங்கருவி வேண்டும், அதனை மறுக்கவில்லை. அறுவடை நாளில் வண்டி கட்டலாம். அண்டை வீட்டுக்கு மோர் வாங்கவும் வண்டி கட்டுவதையே வேண்டாமென்கின்றோம்.

நம் அணியினரை நோக்கியும் ஒரு சொல். கணிப்பொறியா, கணினியா என வழக்காடினோம், கட்டளைப் பெயர்களுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கினோம், அது செய்யத்தக்கதே. ஆயின், திரையில் தமிழ்ச்சொல் தெரிந்தவுடன் அக்கருவி தமிழ்க்கருவியாகிவிட்டதென மகிழ்ந்து நின்றுவிடுகின்றோம். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்து, நம் எழுத்தைப் பழுதின்றி ஒருங்குறியில் காத்து, நெடுங்கணக்கின்படி அடுக்கித் தரும் கருவி ஒன்று. கட்டளைகள் தூய தமிழில் இருந்து, நம் எழுத்தைத் தனக்கே உரிய குறியில் பூட்டிக்கொள்ளும் கருவி மற்றொன்று. இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளலாம் எனின், நாம் முன்னதையே கொள்வோம். சினம் கொள்வார் சற்றுப் பொறுக்க. திறந்த மூலநிரலுடைய கருவியின் கட்டளைப் பெயர்களை நாளையே நாம் மொழிபெயர்த்துவிடலாம், தடுப்பார் இலர். பூட்டிய எழுத்தை யார் திறப்பது? பாமினி எழுத்துருவில் 'அம்மா' என அடித்த கோப்பிலிருந்து அவ்வெழுத்துருவை நீக்கிப் பாருங்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச்சு என ஐந்து குப்பைக் குறிகள் கிடக்கும். அது தமிழ் உடை உடுத்த உரோமன் எழுத்து. உடையைக் கண்டு உறவாடினோம்.

இன்னொன்று. தமிழுக்கென ஆக்கிய சிறு கருவிகளுட் பல, ஓரிருவர் தம் இரவு உறக்கத்தை ஈந்து ஆக்கியவை. விலையில்லை என்றதும் வாங்கிக்கொண்டோம். ஒரு வழு நேர்ந்தால் வசை பாடினோம். வாழ்த்தி ஒரு மடல் விடுத்தவர் எத்துணைப் பேர்? வரவேற்புத் தட்டிக்கும் மாலைக்கும் ஆயிரக்கணக்கில் இறைக்கும் நம் மன்றங்கள், ஆண்டுக்கு நூறு உருபாவேனும் ஒரு கருவியாக்குநர்க்கு ஈந்ததுண்டா? அவர் சோர்ந்து ஒதுங்கினால் கருவி அன்றோடு நிற்கும். புதிய இயங்குதளம் வரும். பழைய கருவி இயங்காது. அந்நாளில் மீண்டும் யானைக்காரனிடமே போய் நிற்போம்.

ஆகவே, மன்றங்கள் இத்திங்களிலேயே ஒரு பணியைத் தொடங்கலாம். 1990-களிலும் அதன் பின்னும் பாமினியிலும் பிற எழுத்துருக்களிலும் அடித்து வைத்த மலர்கள், துண்டறிக்கைகள், கட்டுரைகள் எங்கெங்கு உள்ளனவெனத் தொகுக்க. மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துக்கொள்க. எந்த எழுத்துரு எனக் கண்டு, என்.எச்.எம். மாற்றி போன்ற சிறு கருவியால் ஒருங்குறிக்கு மாற்றுக. ஒன்றில் விழிப்பாய் இருக்க வேண்டும்: அக்கோப்புகளில் இடையிடையே ஆங்கிலச் சொல்லோ முகவரியோ இருந்தால், மாற்றி அதனையும் தமிழெழுத்தெனக் கருதிப் பொருளற்ற சொல்லாக்கிவிடும், பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே குறியெண் என்பதே ஏது. ஆதலின் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் படிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். முடிந்தபின் வெற்றுரையாய், யூ.டி.எப்.-8 வடிவில், கோப்பின் பெயரிலேயே ஆண்டையும் குறித்து, இரண்டு இடங்களில் வைக்க. குறுவட்டில் எரித்து வைத்தவற்றை முதலில் எடுக்க. இன்று விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வட்டைச் செருகும் வாயே இல்லை.